ரொறன்ரோவை விட்டுக் கல்கரிக்கா? வந்த புதிதில் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் ஒரு பேஸ்மென்டில் பெட்டியை அவிழ்த்து முடிப்பதற்குள் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "ஏன் தம்பி இஞ்ச கிடந்து கஷ்டப்படுறீர்? கல்கரிக்குப் போறதுதானே. வீடும் மலிவு, வரியும் குறைவு." கல்கரி இருக்கும் அல்பேர்ட்டா மாகாணத்தின் அரசே 2022இல் ரொறன்ரோவிலும் வன்கூவரிலும் விளம்பரம் போட்டு ஆட்களைக் கூப்பிட்டது. கேள்விப்படுவது பொய் இல்லை. ஆனால் வீடு வாங்கும் நிலையில் இருப்பவருக்கு அது ஒரு மாதிரியும், மணித்தியாலச் சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு வேறு மாதிரியும் பொருந்தும். புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இரண்டாவது ரகம்.

முதலில், உங்களால் போக முடியுமா என்று பாருங்கள். குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ இருந்தால் எந்த மாகாணத்திலும் குடியிருந்து உழைக்கலாம்; 1982இன் உரிமைகள் சாசனத்தின் 6ஆம் பிரிவு அதைத் தருகிறது. மாகாண நியமனத்தில் (ஒரு மாகாணம் பெயர் குறித்துச் சிபாரிசு செய்து) வந்தவர்கள் அந்த மாகாணத்தில் வசிக்க எண்ணுவதாக எழுதிக் கொடுத்திருப்பார்கள், இறங்கியவுடனே கிளம்புவது நல்லதல்ல. ஒரே முதலாளியின் பெயரில் வேலை அனுமதி உள்ளவர் அனுமதியை மாற்றாமல் வேறு முதலாளியிடம் போய் உழைக்க முடியாது. அகதிக் கோரிக்கை நிலுவையில் உள்ளவர்கள் வழக்கறிஞரிடம் கேட்காமல் அசையவே கூடாது. முகவரி மாறியதை அறிவிக்காமல் விட்டு, விசாரணைக் கடிதம் பழைய கதவடியில் கிடந்தால், கோரிக்கையைக் கைவிட்டதாகவே முடித்துவிடக்கூடும்.

சரி, இனிப் பணம். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் விற்பனை வரி 13 வீதம், அல்பேர்ட்டாவில் 5 வீதம். எல்லாரும் சொல்வது இதைத்தான். சொல்லாமல் விடுவது அடிப்படைச் சம்பளத்தை, அதாவது சட்டப்படி கொடுக்க வேண்டிய ஆகக்குறைந்த சம்பளத்தை. ஒன்ராறியோவில் 2025 ஒக்டோபரிலிருந்து மணிக்கு 17.60 டொலர். அல்பேர்ட்டாவில் 2018இலிருந்து 15 டொலரிலேயே நிற்கிறது. வாரம் 40 மணித்தியாலம் வேலை செய்பவருக்கு வருடத்தில் 5,400 டொலர் வித்தியாசம். அதை விற்பனை வரியில் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் வருடத்துக்கு 67,000 டொலருக்கு மேல் வரியுள்ள சாமான் வாங்க வேண்டும். அரிசி, பால், மரக்கறிக்கு இரண்டு இடத்திலும் வரி கிடையாது, வீட்டு வாடகைக்கும் கிடையாது. அடிப்படைச் சம்பளக்காரர் எங்கே போய் அந்த அளவுக்குச் செலவழிப்பது?

வருமான வரியும் அப்படித்தான். அல்பேர்ட்டாவில் முதல் 22,000 டொலர் அளவுக்கு மாகாண வரி இல்லை, ஆனால் அதற்கு மேல் 8 வீதத்தில் தொடங்கும். ஒன்ராறியோவில் விலக்கு 13,000 அளவுதான், தொடக்க வீதம் 5.05. வருடம் 50,000 உழைப்பவருக்கு இரண்டும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் சில நூறு டொலர்தான் வித்தியாசம் வரும். வரி குறைவு என்ற பேச்சு நன்றாக உழைப்பவர்களுக்குத்தான் கனக்கப் பொருந்தும்.

வீடு வாங்குவது வேறு கதை. ரொறன்ரோ நகருக்குள் (ஸ்காபரோவும் அதற்குள்தான்) 8 இலட்சம் டொலருக்கு வாங்கினால், மாகாணத்துக்கும் நகரத்துக்குமாகக் கைமாற்று வரி மட்டும் கிட்டத்தட்ட 25,000 டொலர். முதல் வீடு என்றால் அதில் ஒரு பகுதி கழிவு உண்டு. அல்பேர்ட்டாவில் அந்த வரியே இல்லை, பதிவுக் கட்டணம் மட்டும்தான். வீட்டு விலையும் ரொறன்ரோவை விடக் குறைவு. இரண்டு பேருக்கும் நிலையான வேலை, கையில் முற்பணம், பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் கல்கரியையும் அல்பேர்ட்டாவின் இன்னொரு பெரிய நகரமான எட்மன்டனையும் பார்க்காமல் ஸ்காபரோவில் கட்டிப்பிடித்துக்கொண்டு இருப்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

வாடகைக்கு இருப்பவர்கள் சட்டத்தையும் பாருங்கள். ஒன்ராறியோவில் வாடகை கூட்டுவதற்கு வருடாந்த வரம்பு உண்டு, 2026க்கு 2.1 வீதம். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆட்கள் குடியேறிய புது வீடுகளுக்கு அது பொருந்தாது. வீட்டுக்காரரோடு குசினியோ குளியலறையோ பகிர்ந்துகொள்ளும் பேஸ்மென்ட் வாசிகளை அந்தச் சட்டமே காப்பாற்றாது, இது நம்மவர் பலருக்குத் தெரியாது. அல்பேர்ட்டாவில் வருடத்துக்கு ஒருமுறைதான் கூட்டலாம், ஆனால் எவ்வளவு என்பதற்கு வரம்பே இல்லை. அங்கே மின்சாரத்துக்கு நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். பில்லில் பாவித்த மின்சாரத்தோடு விநியோகம், நிர்வாகம் என்று வேறு கட்டணங்களும் நிற்கும். வாடகையைக் கேட்கும்போதே இந்தப் பில்கள் யாருடையவை என்றும் கேளுங்கள்.

வேலை விஷயத்தில் கைத்தொழில்காரருக்குத்தான் மேற்கே யோகம். வெல்டர், எலெக்ட்ரீஷியன் போன்றவர்கள் ரெட் சீல் (மாகாணங்களுக்குப் பொதுவான கைத்தொழில் சான்று) எடுத்திருந்தால் எந்த மாகாணத்திலும் செல்லும். தாதியர், ஆசிரியர், பொறியியலாளருக்கு உரிமம் மாகாணத்துக்கு மாகாணம் தனி. உரிமம் கையில் இருந்தால் மாற்றுவது அவ்வளவு கடினமில்லை. பதிவு நடைமுறை பாதியில் இருக்கும்போது கிளம்பினால் புதிய மாகாணத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டி வரலாம், முடித்துவிட்டுப் போங்கள். இன்னொன்று, அல்பேர்ட்டாவின் வயிறு பெற்றோலிய எண்ணெய். 2014இல் எண்ணெய் விலை சரிந்தபோது கல்கரி நகர மையத்தில் அலுவலகக் கட்டடங்கள் காலியாகக் கிடந்தன, எண்ணெயில் வேலை செய்யாதவர்களும் வேலை இழந்தார்கள்.

குளிரைப் பற்றி ரொறன்ரோக்காரர் சொல்வதில் பாதி பயமுறுத்தல். கல்கரியில் சினூக் என்ற வெப்பக்காற்று வீசினால் சில மணித்தியாலத்தில் பத்து, இருபது பாகை ஏறும். சிலருக்கு அதனாலேயே தலையிடி. வெயிலும் அதிகம். எட்மன்டன் அதற்கு 300 கிலோமீற்றர் வடக்கே. டிசம்பரில் பகல் ஏழரை மணித்தியாலம்தான், மைனஸ் 30 வந்து போகும். எஞ்சின் உறையாமல் இருக்கக் காரை இரவில் மின்சாரத்தில் செருகி வைப்பது அங்கே சாதாரணம். கல்கரியின் உண்மையான தொல்லை ஆலங்கட்டி மழை. 2020 ஜூனிலும் 2024 ஓகஸ்டிலும் வடகிழக்கில் கூரைகளையும் கார்களையும் நொறுக்கியது. புதிதாக வருபவர்கள் அதிகம் குடியேறும் பகுதியும் அதுதான், வீட்டுக் காப்புறுதி விலையை முதலிலேயே விசாரியுங்கள். போய்ப் பார்ப்பதென்றால் ஜூலையில் போகாதீர்கள். ஜனவரியில் போங்கள்.

கணக்கில் வராத ஒன்று ஆட்கள். ஸ்காபரோவில் தமிழ் பேசும் டொக்டர், வழக்கறிஞர், கணக்காளர் எல்லாரும் பஸ் தூரத்தில். கார், லைசென்ஸ் இல்லாமலும் ஒரு வருடத்தைச் சமாளித்துவிடலாம். முதல் வேலை பெரும்பாலும் யாரோ ஒரு அண்ணையின் வாய்வழிதான் வரும். பிள்ளைகளுக்கு ரொறன்ரோ கல்விச் சபையே தமிழ் வகுப்பு நடத்துகிறது. கல்கரியிலும் எட்மன்டனிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள், ஆனால் சிதறி இருக்கிறார்கள், கார் இல்லாமல் யாரையும் பார்க்க முடியாது. இடையில் சுமார் 3,400 கிலோமீற்றர் ரோடு. அதனால் வேலை கையில் இல்லாதவர்கள் முதல் வருடத்தில் போகாமல் இருப்பதே நல்லது என்பேன்.

போவதென்று முடிவானால், மாதாமாதம் வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரருக்கு 60 நாள் முன்னறிவித்தல் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒன்ராறியோ சுகாதார அட்டையை வீசிவிடாதீர்கள். அல்பேர்ட்டாக் காப்பு, போன மாதத்துக்குப் பிறகு வரும் மூன்றாவது மாதத்தின் முதல் திகதியில்தான் தொடங்கும்: ஒக்டோபர் 10இல் போனால் ஜனவரி 1. அதுவரை பழைய அட்டைதான், ஆனால் அம்பியூலன்ஸ் செலவு அதில் அடங்காது. லைசென்ஸை 90 நாளுக்குள் மாற்ற வேண்டும், கொண்டுபோகும் காருக்கு அங்கே பரிசோதனை உண்டு. டிசம்பர் 31இல் எந்த மாகாணத்தில் குடியிருக்கிறீர்களோ, முழு வருடத்துக்கும் அந்த மாகாணத்தின் வரிதான். பிள்ளைகள் காசு (பிள்ளைகளுக்காக அரசு மாதாமாதம் தரும் கொடுப்பனவு) வருபவர்கள் முகவரியை வரித் திணைக்களத்துக்கு உடனே அறிவியுங்கள். வேலைக்காக இடம் மாறுகிறீர்கள், புது வீடு வேலைத்தலத்துக்குக் குறைந்தது 40 கிலோமீற்றர் கிட்ட வருகிறது என்றால், லொறி, விமான ரிக்கெற் செலவுகளைப் புது இடத்து வருமானத்தில் கழிக்கலாம். ரசீதுகளைக் கவனமாக வைத்திருங்கள்.