அடைமழை நாட்களில் டார்ச் லைட்டை எப்படிப் பிடிப்பது, எப்படி வைத்துக்கொள்வது

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் சாயங்காலம் ஆறு மணிக்கே இருட்டு கவிழ்ந்துவிடும். மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றுப் பாசனம். கார்த்திகை வரை மழை, மார்கழியில் பனி. வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை செய்வதால் நாலு மா நிலத்துச் சம்பா நெல்லையும் இரண்டு மாட்டையும் நான்தான் பார்க்கிறேன். ராத்திரி எட்டு மணிக்கு மழை வலுத்தால் வடிகாலைத் திறந்துவிட நானே போக வேண்டும். அதனால் டார்ச் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் பிடிக்கும் விதம். பலர் செல்போன் லைட்டை நெஞ்சு உயரத்தில் தூக்கிப் பிடிக்கிறார்கள். மழைக் கம்பிகள் எல்லாம் வெள்ளையாக மின்னி வெளிச்சம் கண்ணுக்கே திரும்பி வரும், வழி தெரியாது. மார்கழிப் பனியிலும் இதேதான். கையைத் தொங்கவிட்டு, டார்ச்சை முழங்கால் பக்கம் இறக்குங்கள். வெளிச்சம் நாலடி முன்னால் சாய்வாக விழட்டும். அப்போது ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் நிழல் விழும். வரப்பில் எது கெட்டித் தரை, எது வழுக்குச் சேறு என்று கால் வைக்கும் முன்பே தெரிந்துவிடும்.

வயலில் தண்ணீர் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கவும் இதே சாய்வுதான். வரப்பில் குந்திக்கொண்டு வெளிச்சத்தைத் தண்ணீர்மேல் படுக்கப் போடுங்கள். மிதக்கிற வைக்கோல் துரும்பு, தூசி எல்லாம் மெல்ல ஒரு பக்கமாக நகரும். ஓரிடத்தில் போய்ச் சுழலும். அங்கேதான் நண்டு வளை இருக்கும். பகலில் தேடினால் அரை நாள் ஆகும் வேலை எனக்கு இரவில் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கிறது. ஒரு கூடைக் களிமண்ணை மிதித்து அடைத்துவிட்டு வந்துவிடுவேன்.

இனி பாம்பு. மழையில் வளைக்குள் தண்ணீர் புகுந்தால் அவை மேட்டுக்கு வரும், மேடு என்றால் நம் வீடுதான். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. கடித்தால் பல சமயம் வலியே தெரியாது, எறும்பு என்று நினைத்துத் தூங்கிவிடுவார்கள். போன கார்த்திகையில் பாயை விரிக்கும் முன் வழக்கம்போல லைட் அடித்தேன். நெல் மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே பளபளவென்று கறுப்பு, மேலே மெல்லிய வெள்ளை வளையங்கள். அன்று லைட் அடிக்காமல் படுத்திருந்தால் என்று நினைத்தால் இன்னும் உடம்பு நடுங்குகிறது. அதனால் பாய், தலையணை, செருப்பு, விறகுக் குவியல், கழிப்பறை மூலை எல்லாவற்றையும் லைட் அடித்துப் பாருங்கள். தரையில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காற்று அடித்த இரவில் வாசலைத் தாண்டும் முன் முதலில் மேலே லைட் அடிக்க வேண்டும், அப்புறம்தான் கீழே. கம்பி தொங்குகிறதா, அறுந்து தண்ணீரில் கிடக்கிறதா என்று பார்க்காமல் ஓரடிகூட வைக்கக் கூடாது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தபோது எங்கள் தெருவில் தென்னையும் போஸ்ட்டும் சேர்ந்தே விழுந்து கிடந்தன. மூன்று வாரத்துக்குக் கரண்ட் இல்லை. செல்போனில் சார்ஜ் போன முதல் நாளிலேயே போன் லைட்டை நம்பியவர்களுக்குப் பேசவும் வழியில்லை, வெளிச்சமும் இல்லை. எங்கள் வீட்டில் மாமியாருடைய பழைய, இரண்டு பேட்டரிக் கட்டை போடும் டார்ச்தான் எரிந்தது. போன் சார்ஜைப் பேசுவதற்கென்று விட்டுவைப்பது என்று அன்று முடிவு செய்தேன்.

சார்ஜ் லைட் ஒன்று, கட்டை போடும் லைட் ஒன்று என இரண்டும் வீட்டில் இருப்பது நல்லது. கரண்ட் நாள்கணக்கில் போனால் முதலாவது உதவாது. கட்டைகளில் பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்கள். வலு குறைந்த கட்டை சீக்கிரம் தீர்ந்து கசிந்து, ஸ்பிரிங்கைத் தின்றுவிடும். கசிந்திருந்தால் வெறும் கையால் தொடாமல் துணியால் துடைத்து, ஸ்பிரிங்கையும் தகட்டையும் உப்புத்தாளால் பளிச்சென்று தேயுங்கள். செத்துப்போனதென்று தூக்கிப்போட இருந்த டார்ச் எங்கள் வீட்டில் இப்படித்தான் மறுபடி எரிந்தது. சார்ஜ் லைட்டை முழுதாக அணையும்வரை ஓடவிடாமல், பயன்படுத்தாவிட்டாலும் மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடவே வேண்டாம்.

சமையல் செய்யும்போது டார்ச்சைக் கையில் பிடிக்க முடியாது. மச்சு வீடென்றால் வெள்ளைக் கூரையைப் பார்த்து நிமிர்த்தி வைத்தால் அறை முழுதும் வெளிச்சம். எங்களுடையது ஓட்டு வீடு. தண்ணீர் பாட்டிலில் அரைக் கரண்டி மோர் விட்டுக் கலக்கி, தலை அகலமான டார்ச்சை நிமிர்த்தி அதன்மேல் பாட்டிலை வைப்பேன். பாட்டில் முழுக்க நிலா மாதிரி மெத்தென்று ஒளிரும். பிள்ளைகள் அதை வைத்தே வீட்டுப்பாடம் எழுதுவார்கள்.

தையில் அறுப்பு முடிந்ததும் கட்டைகளைக் கழற்றி எடுத்துவிடுவேன். புரட்டாசி கடைசியில் புதுக் கட்டை நாலு வாங்கி, ஒருமுறை எரித்துப் பார்த்துவிட்டு, தலைமாட்டில் கை நீட்டினால் எட்டுகிற ஆணியில் டார்ச்சை மாட்டுவேன்.