மேட்டுப் பாதையில் முதல் 200 கிலோமீட்டர்: தருமபுரி, கிருஷ்ணகிரி சைக்கிள் நண்பர்களுக்கு

ஐம்பது, அறுபது கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவர்கள் அடுத்ததாகக் கேட்பது ஒரே கேள்விதான்: "200 பிஆர்எம் போகணும், என்னால முடியுமா?" (பிஆர்எம் என்றால் குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்; 200 என்பது கிலோமீட்டர்.) முடியும். வாரத்தில் மூன்று நாள் வண்டி எடுப்பவராக இருந்தால், மூன்று மாதத்தில் தயாராகிவிடலாம். ஆனால் நம் பக்கத்துச் சாலைகள் மேடும் பள்ளமும் நிறைந்தவை. சமவெளியில் ஓட்டியே பழகியவர்கள் இங்கே வந்து பாதியில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். தெம்பு இல்லாமல் நின்றவர்கள் குறைவு. முதல் மேட்டிலேயே நண்பனின் வேகத்துக்கு ஈடுகொடுக்கப் போய் நின்றவர்கள்தான் அதிகம். இந்தச் செய்முறை அப்படி நிற்காமல் இருப்பதற்கு.

முதலில் நேரக் கணக்கு

பிஆர்எம் என்பது பந்தயம் இல்லை. ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த விதிகளின்படி நடக்கும் நெடுந்தூர ஓட்டம் இது. நம் நாட்டில் ஆடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ் இதைக் கவனிக்கிறது. யார் முதலில் வந்தார் என்ற வரிசை கிடையாது. 200 கி.மீ. தூரத்துக்கு 13 மணி 30 நிமிடம் தருவார்கள். வழியில் உள்ள சோதனை இடங்களுக்கும் (கார்டில் நேரமும் கையெழுத்தும் வாங்க வேண்டிய இடங்கள்) கெடு உண்டு: 100-வது கிலோமீட்டரில் ஓர் இடம் இருந்தால், கிளம்பிய 6 மணி 40 நிமிடத்துக்குள் அங்கே இருக்க வேண்டும். காலை 6 மணிக்குக் கிளம்பினால் பகல் 12.40-க்குள் பாதி தூரம், இரவு 7.30-க்குள் முழுத் தூரம்.

சரி, மணிக்கு 20 கி.மீ. ஓட்டினால் பத்து மணி நேரத்தில் முடிந்துவிடுமே, மூன்றரை மணி நேரம் மிச்சம் என்று தோன்றும். மலை இந்தக் கணக்கை மாற்றிவிடும். பத்து கிலோமீட்டர் ஏற்றத்தை மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஏறினால் 75 நிமிடம். அதே பத்து கிலோமீட்டரை 30 கி.மீ. வேகத்தில் இறங்கினால் 20 நிமிடம். ஆக 20 கி.மீ. போக 95 நிமிடம். சராசரி 13-ஐக்கூடத் தொடாது. ஏற்றத்தில் போன நேரம் இறக்கத்தில் திரும்பி வராது. அதனால் சமவெளியில் வீணாக நிற்காமல் இருப்பதுதான் மலைக்கான சேமிப்பு. டீக்கடையில் பத்து நிமிடம் என்று உட்கார்ந்து அரை மணி நேரம் போவதை மட்டும் நிறுத்தினாலே, இன்னொரு மேட்டுக்கான நேரம் கையில் நிற்கும்.

வண்டி

புது வண்டி வேண்டாம். கியர் உள்ள ஹைபிரிட் சைக்கிள் (நல்ல சாலைக்கும் கரடுமுரடான பாதைக்கும் பொதுவானது) போதும். பார்க்க வேண்டியது மிக லேசான கியரைத்தான். பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரத்தில் பல் 34, பின் பல்சக்கரத்தில் பல் 34 இருந்தால், பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 2.1 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் மணிக்கு 7.5 கி.மீ. இந்த வேகத்தில் முழங்காலை நோகடிக்காமல் எந்த மேட்டையும் ஏறலாம். பின் பல் 25, 28 என்றே இருக்கும் ரோடு பைக்குகளில், மெக்கானிக்கிடம் சொல்லிப் பெரிய கேசட் (பின் பல்சக்கரங்களின் அடுக்கு) மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் பின் கியர் செட் அவ்வளவு பெரிய பல்லை ஏற்குமா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

சீட் உயரம்: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். டியூப் இரண்டு, பஞ்சர் ஒட்டும் சாமான், டயர் லீவர், பம்ப், மல்டிடூல் இவை கட்டாயம். சோதனை இடங்களுக்கு நடுவே சொந்த வண்டியில் பின்னால் வந்து உதவி செய்வதை விதி அனுமதிக்காது. வீட்டில் உட்கார்ந்து பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகிவிட்டுத்தான் பெயர் கொடுக்க வேண்டும். ஹெல்மெட், முன் விளக்கு, பின் சிவப்பு விளக்கு, ஒளிரும் மேலாடை எல்லாம் வேண்டும்.

பழகும் மேடு

நாம் கொடுத்து வைத்தவர்கள். மூன்று விதமான ஏற்றமும் வாசலிலேயே இருக்கிறது.

முதல் மாதம்: தருமபுரியிலிருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் திசை. ஓசூர் நம்மைவிடச் சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஆனால் அந்த உயரம் நீண்ட தூரத்தில் பரவிக் கிடக்கிறது. சாலை சமமாகத்தான் தெரியும், வண்டி மட்டும் நகராது. பிரேக் உரசுகிறதோ, காற்று இறங்கிவிட்டதோ என்று இறங்கிப் பார்க்கத் தோன்றும். ஒன்றும் இருக்காது, ஏற்றம்தான். இந்த மாதிரி ஏற்றத்தில் ஒரு கியர் குறைத்து, வேகமானியைப் பார்க்காமல் மூச்சை மட்டும் கவனித்து ஓட்டப் பழகுங்கள். பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? அதுதான் சரியான வேகம். முதல் தடவை ராயக்கோட்டை வரை போய்த் திரும்பினால் போதும்.

இரண்டாவது மாதம்: தருமபுரி, பென்னாகரம், ஒகேனக்கல். ஒரு பக்கம் 46 கி.மீ. பிஆர்எம்முக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் நம் மாவட்டத்தில் இல்லை என்பேன். காரணம், போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். பென்னாகரம் தாண்டிக் காட்டுக்குள் சாலை வளைந்து இறங்கும்போது ஆனந்தமாக இருக்கும். அங்கே பரிசல், அருவி, பொரித்த மீன் வாசனை எல்லாம் இருக்கும். மீனை ஒரு துண்டோடு நிறுத்துங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டு அந்த மலையை வெயிலில் ஏறினால், ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் நடுவே தவிக்கும், குமட்டும். காலை ஐந்தரைக்குக் கிளம்பி, ஒன்பது மணிக்குள் மேலே ஏறத் தொடங்கிவிட வேண்டும்.

மூன்றாவது மாதம் வத்தல்மலை. இருபதுக்கு மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். இங்கே தூரம் முக்கியமில்லை. ஏறி இறங்கினாலே போதும்.

தொப்பூர் கணவாய்க்குப் பழகப் போக வேண்டாம். சேலம் பக்கம் இறங்கும் அந்தச் சாலையில் பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் விபத்து நடப்பது நமக்குத் தெரிந்ததுதானே. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஒகேனக்கல் காட்டுச் சாலைகளில் இருட்டு நேரம் கூடாது. யானை நின்றால் தூரத்திலேயே நின்றுவிடுங்கள். மணி அடிக்காதீர்கள், போன் எடுக்காதீர்கள். அது கடந்து போகும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

மேட்டில் தனியாக, சமவெளியில் சேர்ந்து

நண்பர்களோடு போவதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. சமவெளியில் ஒருவர் பின் ஒருவராக ஒரே வரிசையில் போங்கள். முன்னால் போகிறவர் காற்றை வெட்டுவார், பின்னால் வருபவருக்குப் பாரம் குறையும். சில நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறிக்கொள்ளுங்கள். முன்னால் இருப்பவர் "பள்ளம்", "வண்டி" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். ஆனால் ஏற்றம் தொடங்கியதும் கூட்டத்தைக் கலைத்துவிடுங்கள். மெதுவான வேகத்தில் காற்றை வெட்டுவதால் பெரிய லாபம் இல்லை, உங்கள் எடையை நீங்கள்தான் தூக்க வேண்டும். 60 கிலோ உள்ளவரும் 85 கிலோ உள்ளவரும் ஒரே வேகத்தில் ஏறினால், பெரும்பாலும் இரண்டு பேரில் ஒருவர் தன் அளவை மீறுகிறார். மெதுவாக ஏறுகிறவருக்கு "எனக்காக நிக்கிறாங்களே" என்ற கூச்சம்தான் பெரிய பாரம். அதனால் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள்: "நீ போ மச்சி, உச்சியில டீக்கடைல பாக்கலாம்." எந்தக் கடை, எவ்வளவு நேரம் காத்திருப்பது, கடைசியாக வருபவருடன் யார் இருப்பது என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். கடைசியாக வந்தவர் சேர்ந்தவுடனே எல்லோரும் கிளம்பிவிடக் கூடாது. மற்றவர்கள் எடுத்த ஓய்வு அவருக்கும் வேண்டும்.

ஏறும் முறை: மேடு தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். பெடலில் முழு பாரம் விழுந்த பிறகு மாற்றினால் செயின் கறகறவென்று கத்தும், சில சமயம் கழன்றுவிடும். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். விரல் தளர்ந்தால் தோளும் தளரும். கொண்டை ஊசி வளைவில் உள்பக்கம்தான் செங்குத்து. வலப்பக்க வளைவில் நாம் இடது ஓரத்தில், அதாவது வெளிவட்டத்தில் இருப்போம், ஏற்றம் குறைவாக இருக்கும். அங்கே மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இடப்பக்க வளைவில் உள்வட்டம் வரும். முன்கூட்டியே இன்னொரு கியர் குறையுங்கள். பஸ் ஹாரன் கேட்டால் ஓரத்தில் காலூன்றி நின்றுவிடுங்கள். திரும்பும் பஸ்ஸுக்கு முழுச் சாலையும் வேண்டும்.

இறக்கம்

வேகத்தை வளைவுக்கு முன்னால் குறையுங்கள், வளைவுக்குள் அல்ல. இரண்டு பிரேக்கையும் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து இறங்குங்கள். விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் பிரேக் சூடேறும். வளைவில் வெளிப்பக்கப் பெடல் கீழே, பார்வை வளைவு முடியும் இடத்தில். இறக்கத்தில் நண்பன் பின்னால் ஒட்டிப் போகவே கூடாது, நல்ல இடைவெளி விடுங்கள். ஈரச் சருகும் மணலும் வளைவில்தான் சேர்ந்து கிடக்கும்.

வயிறு

பசித்த பிறகு சாப்பிட்டால் தாமதம். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கிறது. கிளம்பும் முன் இட்லி, வழியில் வாழைப்பழம், கடலை மிட்டாய், உப்புப் போட்ட மோர், இளநீர். கேழ்வரகுக் களி நம் ஊர்ச் சோறுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் மதியம் ஓட்டத்தின் நடுவே வேண்டாம், முந்தின இரவே சாப்பிடுங்கள். மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் தண்ணீர் குடியுங்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உடலில் உப்பு குறைந்து தலைவலி, மயக்கம் வரும். ஓஆர்எஸ் பாக்கெட்டில் எழுதியுள்ள அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ஒரு லிட்டர் பாக்கெட்டை அரை லிட்டரில் போட்டால் வயிறு கலங்கும்.

பேட் வைத்த சைக்கிள் டவுசருக்குள் உள்ளாடை வேண்டாம், தையல் உரசிப் புண்ணாகும். உரசும் இடத்தில் வாசலின் தடவுங்கள்.

அந்த நாளில்

நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை நமக்கு நல்ல காலம். ஓசூர் பக்கம் விடியலில் பனி கொட்டும். மெல்லிய ஜாக்கெட் ஒன்று பையில் இருக்கட்டும். முதல் 40 கி.மீ. எவ்வளவு தெம்பாக இருந்தாலும் மெதுவாகவே போங்கள். சோதனை இடத்தில் முதல் வேலை கார்டில் நேரமும் கையெழுத்தும் வாங்குவது, பிறகு தண்ணீர், பிறகுதான் உட்காருவது. 150-க்கு மேல் பேச்சு குறையும், சிடுசிடுப்பு வரும். பாதி நேரம் அது பசிதான், ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். மாலை ஆறு மணிக்கு இருட்டத் தொடங்கும்போதே விளக்கைப் போட்டுவிடுங்கள்.

முடித்ததும் கார்டை ஒப்படைத்து, அரை மணி நேரத்துக்குள் வயிறாரச் சாப்பிடுங்கள். வீடு தூரமாக இருந்தால் அன்று இரவு பைக்கோ காரோ நீங்கள் ஓட்ட வேண்டாம். கண் தானாக மூடும். அன்று பிஆர்எம் ஓட்டாத நண்பர் ஒருவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். மறுநாள் அரை மணி நேரம் நடந்தால் போதும். முழங்கால் வலி மூன்று நாளுக்கு மேல் நீடித்தால், அடுத்த ஓட்டத்துக்கு முன் சீட் உயரத்தை மறுபடி பாருங்கள்.