ஆமையின் கண் வீங்கினால் முதலில் தொட்டியைப் பாருங்கள்

தீப்பெட்டி அளவில் வாங்கி வந்த ஸ்லைடர் ஆமை, காதருகே சிவப்புக் கோடு உள்ளதே, அது சில மாதங்களில் கண் திறக்காமல் கிடக்கிறது. உடனே வீட்டிலுள்ள கண் சொட்டுமருந்தைத் தேடுகிறோம். பலரும் செய்யும் முதல் தவறு இதுதான். இரண்டு இமைகளும் உப்பி மூடிக்கொண்டால், பெரும்பாலும் அது வைட்டமின் ஏ குறைபாடு. காய்ந்த இறாலை மட்டுமே தின்று வளர்ந்ததால் வருவது. அழுக்குத் தண்ணீர் அதை இன்னும் மோசமாக்கும். கண் தெரியாத ஆமை இரை எடுக்காது, பட்டினி கிடந்தே மெலியும். ஆமைக்கென்று விற்கும் பெல்லட் எனும் குருணைத் தீனியும் கேரட் துருவலும் இறாலின் இடத்துக்கு வரவேண்டும். அதற்காக வைட்டமின் ஊசியை நீங்களே போட்டுவிடாதீர்கள். அளவு மிஞ்சினால் தோல் உரிந்துவிடும்.

ஒருபக்கமாகச் சாய்ந்து நீந்துவதை விளையாட்டு என்று ரசிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மனம் பதறும். அது பெரும்பாலும் நுரையீரல் தொற்று. மூக்கில் குமிழி, வாய் பிளந்து மூச்சு, சோர்வு ஆகியவை சேர்ந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஏசி அறையில் தொட்டி வைப்பதும், ஏறி உலர மேடை இல்லாததும் இதற்கு வழிவிடும். தண்ணீர் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ், மேடை 30 முதல் 35 டிகிரி இருக்கட்டும். ஆமையின் உடற்சூடு சுற்றுப்புறத்தைப் பொறுத்தது என்பதால், குளிரில் கிடக்கும் ஆமைக்கு மருந்தும் சரியாக வேலை செய்யாது.

ஓடு மெத்தென்று ஆவதற்குக் காரணம் கால்சியமும் புறஊதாக் கதிரும் போதாமை. ஜன்னலோரம் வைத்திருக்கிறோமே என்பார்கள். தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. காலை இளவெயிலில், பாதி நிழல் உள்ள பிளாஸ்டிக் தொட்டியில், ஆமையை உங்கள் கண் பார்வையிலேயே விடுங்கள். கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைத்தால் தொட்டியே கொதிகலனாகிவிடும்.

மெல்லிய கண்ணாடித்தாள் போல ஓட்டின் மேல்தகடு உரிவது வளர்ச்சிதான், பிய்க்காதீர்கள். குழி, துர்நாற்றம், அழுத்தினால் அமுங்கும் இடம் ஆகியவையே அழுகல். அதன்மேல் தேங்காய் எண்ணெய் தடவினால் அழுகல் மூடிக்கொண்டு உள்ளே பரவும்.

நாய்க்கும் மாட்டுக்கும் ஒட்டுண்ணிகளுக்காகத் தரும் ஐவர்மெக்டின் மருந்து ஆமையைக் கொன்றுவிடும். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஊர்வன பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகும்போது வாளித் தண்ணீரில் போடாதீர்கள், பலவீனமான ஆமை மூழ்கிவிடும். காற்றுத் துளையிட்ட பெட்டியில் ஈரத்துணி விரித்து எடுத்துச் செல்லுங்கள். தொட்டியின் புகைப்படமும் தீனி டப்பாவும் கையோடு இருக்கட்டும். மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.