மெரோபெனத்துக்கு நேரே ‘ஆர்’: ரிப்போர்ட்டைப் பார்த்ததும் செய்யக்கூடாத தவறுகள்

ஐ.சி.யூ.வில் இருப்பவரின் கல்ச்சர் ரிப்போர்ட் வருகிறது, அதாவது ரத்தத்தையோ யூரினையோ எடுத்து அதில் கிருமி வளர்கிறதா என்று பார்த்த முடிவு. மேலே கிளெப்சியெல்லா என்று பாக்டீரியாவின் பெயர். கீழே மருந்துப் பட்டியலில் இமிபெனம், மெரோபெனம் என்ற இரண்டு வலுவான ஆன்டிபயாடிக்குகளுக்கும் நேரே ‘ஆர்’, அதாவது ‘ரெசிஸ்டன்ட்’, இந்தக் கிருமியிடம் மருந்து பலிக்காது. “அப்பா உடம்பு மருந்தை ஏத்துக்கலையா டாக்டர்?” என்றுதான் பெரும்பாலும் வீட்டார் கேட்கிறார்கள். ஏற்காதது அப்பாவின் உடம்பு அல்ல, பாக்டீரியா. மெரோபெனத்தையே உடைத்துப்போடும் ஒரு நொதியைப் பெரும்பாலும் அது சுரக்கிறது. அந்த நொதிக்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருப்பதால், ஒரு பாக்டீரியாவிலிருந்து வேறு இனப் பாக்டீரியாவுக்கும் தாவிவிடும். ஆகவே வாழ்நாளில் மெரோபெனம் போட்டுக்கொள்ளாதவருக்கும் இந்தத் தொற்று வரலாம்.

என்.டி.எம்.-1 அப்படிப்பட்ட நொதிதான். டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒருவரிடம் 2008இல் ஸ்வீடனில் முதலில் கண்டார்கள். 2010இல் வெளியான ஆய்வில் சென்னையிலிருந்து மட்டும் 44 மாதிரிகளில் அது இருந்தது. ஆகவே நமக்கு இது வெளியூர்ச் சங்கதி இல்லை.

இருப்பதிலேயே பெரிய தவறு, நோயாளியை விட்டுவிட்டு ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பார்ப்பது. சிறுநீர் டியூப் சில நாட்கள் உள்ளே இருந்தாலே யூரினில் கிருமி வளரும். காய்ச்சல் இல்லை, தொற்றின் வேறு அறிகுறியும் இல்லை என்றால், ‘ஆர்’ எத்தனை இருந்தாலும் பொதுவாக ஆன்டிபயாடிக் வேண்டாம். கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் ஆபரேஷன் செய்யப்போகிறவர்களும் விதிவிலக்கு. டியூப் இன்னும் தேவையா என்று டாக்டரிடம் தினமும் கேளுங்கள். தேவையில்லாத டியூபை எடுப்பதும் வைத்தியம்தான்.

இன்னொரு தவறு அட்மிஷன் அவசரத்தில் நடக்கிறது. “நல்ல பவரான ஊசியா போடுங்க” என்று வீட்டார் நெருக்க, கல்ச்சருக்கு ரத்தம் எடுக்காமலே மெரோபெனம் ஏறிவிடுகிறது. அப்புறம் எடுக்கிற ரத்தத்தில் கிருமி வளராமல் போகலாம். எந்தக் கிருமி, எதற்குக் கட்டுப்படும் என்பது கடைசிவரை தெரியாது. ரத்தம் எடுக்கச் சில நிமிடம் போதும். செப்சிஸ், அதாவது தொற்று முற்றி உறுப்புகளைப் பாதிக்கும் ஆபத்தான நிலை என்றால், ரத்தத்தை எடுத்த கையோடு மருந்தை ஆரம்பிக்க வேண்டும், ரிசல்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. இரண்டு மூன்று நாளில் ரிசல்ட் வந்து, சாதாரண மருந்தே போதும் என்று டாக்டர் மாற்றினால், செலவைப் பார்த்துக் குறைக்கிறார்கள் என்று சந்தேகப்படாதீர்கள். சரியான வைத்தியம் அதுதான்.

விலை உயர்ந்த புது மருந்து எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. செஃப்டாசிடிம்–அவிபாக்டம் என்ற புது மருந்து, மெரோபெனத்தை உடைக்கும் வேறு நொதிகளான கே.பி.சி., ஆக்ஸா-48 இருக்கும்போது வேலை செய்யும். என்.டி.எம். இருந்தால் அது தனியாக நிற்காது, அஸ்ட்ரியோனம் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கையும் சேர்க்க வேண்டும். எந்த நொதி என்ற பரிசோதனை வசதி இருந்தால் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். இப்படிப்பட்ட கிருமிகளுக்குக் கொடுக்கும் கொலிஸ்டின் பழைய மருந்து, ஆனால் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

ஃபாரோபெனம் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. மாத்திரைதானே என்று பலர் சாதாரணமாக நினைக்கிறார்கள். அது மெரோபெனத்துக்கு நெருங்கிய உறவு. 2014 மார்ச் முதல் இரண்டுமே ஷெட்யூல் எச்1 பட்டியலில் உள்ளன. சீட்டு இல்லாமல் கடையில் தரக்கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். சளி, வைரஸ் காய்ச்சலுக்கு இதைக் கேட்டு வாங்குவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

பார்க்கப் போகிறவர்கள் யூரின் பையையும் கட்டில் கம்பியையும் தொட்டுவிட்டு, அதே கையோடு அடுத்த படுக்கைக்காரரிடம் நலம் விசாரிக்காதீர்கள். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கையைச் சுத்தம் செய்யுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆனதும் அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிப்போட வேண்டாம். தொற்று ஆறினாலும் கிருமி குடலில் மாதக்கணக்கில் தங்கலாம். அதற்காக வீட்டில் யாரும் அவரைப் பயந்து ஒதுக்க வேண்டியதில்லை, கழிப்பறைக்குப் போய்வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். ஆனால் அடுத்த முறை எந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் ரிப்போர்ட்டை முதல் நாளே டாக்டரிடம் காட்டுங்கள். எந்த மருந்தில் தொடங்குவது, தனி அறை வேண்டுமா என்பதை அவர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.