குடியை நிறுத்த நினைப்பவர்களுக்கு: உங்கள் ஊரில் ஏ.ஏ. மீட்டிங்கைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஏ.ஏ. என்ற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் அமைப்பு. அது 1935இல் அமெரிக்காவின் அக்ரான் நகரில் தொடங்கியது. இந்தியாவுக்கு 1957இல் வந்தது. தமிழ்நாட்டின் பெரிய நகரங்களில் தமிழிலேயே மீட்டிங் நடக்கிறது. ஆனால் தெருவில் தேடினால் கிடைக்காது. சொந்தக் கட்டடம் இருக்காது, பெரிய போர்டும் இருக்காது. பள்ளி வகுப்பறை, சர்ச் வளாகத்து ஹால், மருத்துவமனையில் ஓர் அறை என்று கிடைத்த இடத்தில், மாலையில் ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ கூடிக் கலைவார்கள்.

தேடும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்திருக்கிறது என்றால் முதலில் போக வேண்டியது மருத்துவமனைக்கு. பல வருடம் தினமும் குடித்த உடம்பு சட்டென்று நிறுத்தினால் தாங்காது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை, இல்லாததைப் பார்ப்பது, ஆள் இடம் தெரியாமல் பேசுவது என்று முற்றி, உயிருக்கே ஆபத்தாகலாம். இதற்கு மருந்து உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மனநலப் பிரிவில் கேளுங்கள். குழு இந்த வேலையைச் செய்யாது, செய்யவும் தெரியாது.

குழுவின் விலாசம் கிடைப்பதும் பெரும்பாலும் அதே மனநலப் பிரிவில்தான். டாக்டரைவிட அங்குள்ள சமூகப் பணியாளரிடமோ கவுன்சலரிடமோ கேட்பது நல்லது. எந்தக் குழு இன்னும் நடக்கிறது, யாருக்கு போன் செய்யலாம் என்பது அவர்களுக்குத்தான் தெரிந்திருக்கும். வீட்டிலிருந்தே கேட்க வேண்டுமானால் போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446, மனநல ஆலோசனைக்கான டெலி மனஸ் 14416. ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் ஊர்வாரியாகப் பட்டியல் இருக்கிறது. ஆனால் பட்டியலை மட்டும் நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். ஹாலில் கல்யாணம் என்று இடம் மாறியிருக்கும், பரீட்சை என்று பள்ளி அறையைக் கொடுத்திருக்க மாட்டார்கள். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர் வழியில் டாஸ்மாக்கைத் தாண்டித்தான் வீட்டுக்கு வர வேண்டும். அன்றைக்கே போன் செய்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

போனில் கேட்க வேண்டியவை: இன்று மீட்டிங் உண்டா, தமிழிலா? வளாகத்தில் எந்த வாசல், எந்த மாடி? ஓபன் மீட்டிங்கா, குளோஸ்டு மீட்டிங்கா? ஓபனுக்கு யாரும் வரலாம். குளோஸ்டுக்குக் குடியை நிறுத்த விரும்புகிறவர் மட்டும். பஸ் ஸ்டாப்பில் யாராவது வந்து கூட்டிப்போக முடியுமா என்றும் கேளுங்கள், முடிந்தால் வருவார்கள். முழுப் பெயர், வேலை, விலாசம் எதையும் சொல்ல வேண்டியதில்லை. இந்த போனைக் குடிப்பவரே செய்வது முக்கியம். மனைவியோ அண்ணனோ பேசி இழுத்து வந்தவர் பல நேரம் அடுத்த வாரம் வருவதில்லை.

உள்ளே போனால் ஒவ்வொருவராகத் தன் பெயரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று பேசுவார்கள். நடுவில் யாரும் குறுக்கிட மாட்டார்கள், அறிவுரை சொல்ல மாட்டார்கள். உங்கள் முறை வரும்போது, இன்று கேட்டுக்கொள்கிறேன் என்றால் போதும். சர்ச்சில் நடக்கிறதே, மதம் மாற்றுவார்களோ என்ற பயம் பலருக்கு உண்டு. அறை அங்கே கிடைத்தது, அவ்வளவுதான். குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற பேச்சு வரும். அது எந்தக் கடவுள் என்பது அவரவர் இஷ்டம். அதுவும் ஒத்துவராதவர்கள் மருத்துவமனை நடத்தும் குழு ஆலோசனைக்குப் போகலாம்.

கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும், புதியவர் போட வேண்டியதில்லை. அட்மிஷன், பேக்கேஜ், மாதம் இவ்வளவு என்று யாராவது பேசினால் அது ஏ.ஏ. அல்ல, தனியார் மறுவாழ்வு மையம். அதில் நல்லவையும் உண்டு. ஆனால் “வீட்டுக்கே வந்து தூக்கிட்டுப் போறோம்” என்கிற இடத்தை அப்போதே விட்டுவிடுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி இந்த மையங்களுக்குப் பதிவு வேண்டும். யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.

ஒரே மீட்டிங்கைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஒரு குழுவில் வயதானவர்களே இருப்பார்கள், இன்னொன்றில் இளைஞர்கள். பெண்களுக்கு ஆண்கள் நிறைந்த அறை சங்கடமாக இருந்தால் பெண்களுக்கான ஆன்லைன் மீட்டிங் இருக்கிறதா என்று கேட்கலாம். நாலைந்து தடவை போய்ப் பார்த்து, யார் பேச்சு உங்களுக்கு ஒட்டுகிறதோ அவருடைய நம்பரை வாங்குங்கள். குடிக்கத் தோன்றும் நேரத்தில், குடித்த பிறகு அல்ல, முன்பே அழைக்கத்தான் அந்த நம்பர். நடுவில் ஒருநாள் குடித்துவிட்டாலும் யாரும் வெளியேற்ற மாட்டார்கள். அடுத்த மீட்டிங்குக்குப் போங்கள். வெட்கப்பட்டு நின்றுவிடுவதுதான் அதிகம் நடக்கிற தவறு.

வீட்டாருக்கு அல்-அனான் என்று தனிக் குழு இருக்கிறது. குடிப்பவர் ஏ.ஏ.வுக்கு வராவிட்டாலும் நீங்கள் இதற்குப் போகலாம். அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலக்க மட்டும் வேண்டாம். குடியை நிறுத்தத் தரும் டைசல்ஃபிராம் என்ற மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே ஆபத்தாகலாம்.

பக்கத்தில் குழுவே இல்லாத ஊர் என்றால் ஆன்லைன் தமிழ் மீட்டிங்கில் தொடங்கி, மாதம் ஒருமுறையாவது பக்கத்து நகரத்துக்கு நேரில் போய்வாருங்கள். ஏ.ஏ. வழக்கப்படி, குடியை நிறுத்த இரண்டு பேர் சேர்ந்தாலே அது ஒரு குழு. அந்த இரண்டாவது ஆளை உங்கள் மாவட்ட மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடமே விசாரிக்கலாம்.