கூட்டு ஆய்வுக்கு ரேடார் தருவது எப்படி: தானோட்டித் திட்டங்களில் உதிரிபாக நிறுவனத்தின் வேலை

2016 முதல் 2019 வரை ஜெர்மனியில் பெகாசஸ் என்றொரு கூட்டு ஆய்வு நடந்தது (அதே பெயரிலுள்ள உளவு மென்பொருளோடு சம்பந்தமில்லை). நிதி தந்தது அந்நாட்டுப் பொருளாதார அமைச்சகம். கார் நிறுவனங்கள், பாஷ், கான்டினென்டல் போன்ற உதிரிபாக நிறுவனங்கள், பல்கலைக்கழகம், சிமுலேஷன் மென்பொருள் நிறுவனங்கள் என 17 பங்காளிகள். நெடுஞ்சாலையில் 130 கி.மீ. வேகம் வரை தானே ஓடும் கார் பாதுகாப்பானது என்று எதைக் காட்டி நிரூபிப்பது? அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி அதுதான். 2019-இல் தொடங்கிய தொடர் திட்டமான விவிஎம்-ஐ பாஷும் பிஎம்டபிள்யூவும் முன்னின்று நடத்தின.

இப்படியொரு திட்டத்துக்குள் முன்பக்க ரேடார் தரும் நிறுவனமாக நீங்கள் நுழைவதாக வைத்துக்கொள்வோம். ரேடார் பெட்டியைக் காசு கொடுத்தால் யாரும் வாங்கிவிடலாம். அது எங்கே, எப்போது, எவ்வளவு பிசகும் என்ற அறிவு உங்களிடம் மட்டுமே இருக்கிறது. பங்காளிகள் கேட்பதும் அதைத்தான், உங்கள் சட்டப் பிரிவு தர மறுப்பதும் அதைத்தான்.

கையெழுத்துக்கு முன்

எதைத் தருவீர்கள், எதைத் தரமாட்டீர்கள் என்று இரண்டு பட்டியல் எழுதுங்கள். ஆன்டெனா வடிவமைப்பும் சிக்னல் செயலாக்க மென்பொருளும் உங்களோடு இருக்கட்டும். ரேடார் கண்ட பொருள்களின் பட்டியல், ரேடாரின் பிசகைச் சிமுலேஷனில் போலச் செய்யும் பிழை மாடல், அதன் அளவுருக்கள் ஆகியவற்றைக் கொடுங்கள். திட்டம் முடிந்தபின் அவற்றை யார், எதற்குப் பயன்படுத்தலாம் என்பதையும் அப்போதே எழுதிவிடுங்கள்.

விண்ணப்பத்தில் 'ரேடார் மாடல் வழங்கப்படும்' என்று ஒரே வரியில் முடிப்பதுதான் வழக்கமான தவறு. நீங்கள் பொருள் பட்டியல் அளவிலான மாடலை நினைத்திருப்பீர்கள். பல்கலைக்கழகம் அலை எதிரொலிப்பிலிருந்து தொடங்கும் மாடலை எதிர்பார்த்திருக்கும். எந்த நிலை, எந்த மாறிகள், எத்தனை மில்லி செகண்டுக்கு (மி.செ.) ஒருமுறை, எந்த இயங்குதளம் என்று நான்கையும் குறிப்பிடுங்கள்.

பொருத்துதலும் நேரமும்

காரில் ரேடார் அரை டிகிரி திரும்பி உட்கார்ந்தால் 100 மீட்டரில் 87 செ.மீ. பக்கவாட்டுப் பிழை. ஒரு டிகிரி என்றால் 1.75 மீட்டர், ஏறக்குறைய பாதி தடம். அடுத்த தடத்து லாரி உங்கள் தடத்துக்கு வந்துவிடும். நேரப் பிழை இன்னும் நயவஞ்சகமானது. மணிக்கு 130 கி.மீ. என்பது வினாடிக்கு 36 மீட்டர். 50 மி.செ. பிசகினால், நின்றிருக்கும் பொருள் 1.8 மீட்டர் தள்ளித் தெரியும்.

இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை உண்டு. காலியான சோதனைத் தடத்தில், ரேடார் அலையை வந்த வழியே திருப்பும் ஒரு மூலைப் பிரதிபலிப்பானை நிறுத்துங்கள். சென்டிமீட்டர் துல்லியத்தில் இடம் காட்டும் ஆர்டிகே ஜிபிஎஸ் பொருத்திய காரை 50, 100 கி.மீ. வேகங்களில் அதை நோக்கி ஓட்டுங்கள். ரேடார் தூரத்துக்கும் உண்மைத் தூரத்துக்கும் உள்ள வித்தியாசம் வேகத்தோடு கூடினால் நேரப் பிழை. எந்த வேகத்திலும் மாறாதிருந்தால் ரேடார் பொருத்திய இடத்தைத் தவறாக அளந்திருக்கிறீர்கள். பக்கவாட்டுப் பிழை தூரத்தோடு கூடினால் கோணப் பிழை. பம்பரைக் கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்யுங்கள்.

ரேடார் தரவுக்கு அதிக இடம் வேண்டாம். கூடவே ஓடும் கேமராதான் இடத்தைத் தின்னும்: 8 மெகாபிக்சல், 12 பிட், வினாடிக்கு 30 படம் என்றால் சுருக்காமல் மணிக்கு 1.3 டெராபைட். முகங்களையும் நம்பர் பிளேட்டுகளையும் மறைத்த பிறகே தரவு உங்கள் வளாகத்தை விட்டு வெளியே போகவேண்டும்.

பிழை மாடல்

ஆகென் பல்கலைக்கழகம் 2018-இல் வெளியிட்ட ஹைடி தரவுத்தொகுப்பில் ட்ரோன் எடுத்த 16.5 மணி நேரப் பதிவும் 1,10,500 வாகனங்களின் பாதைகளும் உள்ளன. எவ்வளவு இடைவெளியில், எந்த வேகத்தில் வண்டிகள் குறுக்கே புகுகின்றன என்று அறிய அது அருமையான மூலம். ஆனால் மேலிருந்து பார்ப்பதால் ரேடாரின் தடுமாற்றம் எதுவும் அதில் கிடையாது. அந்த ஓட்டையை அடைக்கவேண்டியவர் நீங்கள்.

பிழைகளை மூன்றாகப் பிரித்துப் பதியுங்கள்: இல்லாததைக் காண்பதும் இருப்பதைத் தவறவிடுவதும்; இடமோ வேகமோ தவறுவது; பொருளின் வகை தவறுவது. தடுப்புக் கம்பியில் பட்டுத் திரும்பும் எதிரொலி, மேம்பாலத்தை நின்றிருக்கும் வண்டியாகக் கொள்வது, ஜோடியாகப் போகும் இரு கார்கள் ஒன்றாகக் கலப்பது, நீண்ட லாரியின் எதிரொலிப் புள்ளி பின்பக்கத்திலிருந்து அடிப்பாகத்துக்குத் தாவுவது: இவை ஒவ்வொன்றையும் தனித்தனியே ஓட்டிப் பதியவேண்டும். எட்டும் தூரத்துக்கு இயற்பியலே கை கொடுக்கும்: ஒரு பொருள் ரேடாருக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைச் சொல்லும் எதிரொலிப் பரப்பு பத்தில் ஒன்றானால், கண்டறியும் தூரம் 56 சதவீதமாகக் குறையும். தூரம் அந்தப் பரப்பின் நான்காம் மூலத்துக்கேற்ப மாறும் என்ற கணக்கு.

பெரும்பாலான மாடல்கள் விழுவது வேறோர் இடத்தில். அளந்த பிழைகளின் சராசரியும் விலக்கமும் எடுத்து, ரேடார் பார்க்கும் ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியே குலுக்கல் போட்டுவிடுவார்கள். வரைபடம் அழகாக இருக்கும், மாடல் பொய். அப்படிப்பட்ட இரைச்சலை, பொருள்களைப் பின்தொடரும் காரின் மென்பொருள் சராசரியாக்கி விழுங்கிவிடும். நிஜத்தில் தடுப்புக் கம்பி எதிரொலி காட்டும் பேய் வண்டி, அந்த வளைவு முடியும்வரை கூடவே வரும். கார் தவறாக பிரேக் போடுவது அந்த இரண்டு வினாடிப் பிடிவாதத்தால்தான். ஆகவே பிழை எப்போது தொடங்குகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எந்தச் சூழலில் விலகுகிறது என்பதையும் மாடலில் வையுங்கள்.

ஒப்படைப்பு

மாடலை ஓஎஸ்ஐ இடைமுகத்தோடு (சென்சார் தரவைப் பரிமாறும் பொது வடிவம்) எஃப்எம்யு (சிமுலேட்டர்களுக்கான பொது மாடல் கோப்பு) பொட்டலமாகத் தந்தால் யாருடைய சிமுலேட்டரிலும் செருகலாம். ஒரு பொறி மட்டும் உண்டு: சோதனைக் காட்சிகளை விவரிக்கும் ஓபன்சினாரியோ வடிவம் வண்டியின் இடத்தைப் பின் அச்சின் நடுவில் வைத்துச் சொல்கிறது, ஓஎஸ்ஐ வண்டியைச் சூழ்ந்த கற்பனைப் பெட்டியின் நடுவில் வைத்துச் சொல்கிறது. சாதாரணக் காரில் இது ஒரு மீட்டருக்கு மேல் பிசகும்; முதல் இணைப்புச் சோதனையிலேயே நின்றிருக்கும் ஒரு காரை வைத்துப் பாருங்கள்.

சிமுலேட்டர் 10 மி.செ.க்கு ஒருமுறை கேட்கும், ரேடார் 50 மி.செ.க்கு ஒருமுறைதான் பார்க்கும் என்றால், இடையில் புதிதாகக் கணக்கிட்டுத் தராதீர்கள். பழைய விடையைப் பழைய நேரமுத்திரையோடு தாருங்கள். குலுக்கலைத் தொடங்கிவைக்கும் விதையெண் ஒன்றே என்றால் விடையும் ஒன்றாகவே வரவேண்டும். உங்கள் அலுவலக லைசன்ஸ் சர்வரைத் தேடும் பொட்டலம் பங்காளியின் கணினியில் திறக்கவே திறக்காது. நெட்வொர்க் இல்லாத இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தபின் அனுப்புங்கள். சரிபார்க்க, மாடலைச் சீர்செய்யப் பயன்படுத்தாத ஓட்டங்களை ஒதுக்கி வையுங்கள்.

கடைசியாக, ரேடாரின் உள் மென்பொருள். புதிய பதிப்பு வந்ததும் ஏற்றிவிடத் தயாரிப்புப் பிரிவுக்குக் கை அரிக்கும். ஏற்றினால் அதுவரை சேர்த்த பிழைப் பதிவுகள் வேறொரு கருவியினுடையவை ஆகிவிடும். பதிப்பை உறையவைத்து, அதன் எண்ணை ஒவ்வொரு பதிவுக் கோப்பிலும் எழுதுங்கள். மாற்றியே தீரவேண்டுமென்றால், முன்பே குறித்துவைத்த அதே பாதைகளில் பழையதையும் புதியதையும் ஓட்டி, இரண்டு முடிவுகளையும் பங்காளிகளுக்கு அனுப்பிவிட்டு மாற்றுங்கள்.