நாயோட கார்ல போறீங்களா? முடி, ஈரம், நகக்கீறல்லேர்ந்து டிக்கியை காப்பாத்துற முழு செய்முறை

நாயை டிக்கில ஏத்திட்டு போகணும்னு முடிவு பண்ணதும் எல்லாரும் முதல்ல தேடுறது தண்ணி இறங்காத மேட். அது வேணும்தான். ஆனா அதை விட முக்கியமானது, அந்த மேட் மேல நாய் நிக்கும்போது வழுக்கக் கூடாது. வழுக்குற தரையில நிக்கிற நாய் ஒவ்வொரு வளைவுலயும் நகத்தை ஊனி நிக்கப் பாக்கும், பக்கத்து பேனல்ல போய் சாயும், பயத்துல எச்சில் ஒழுகும், கடைசில வாந்தி எடுக்கும். டிக்கி நாசமாகுறது பெரும்பாலும் இங்கேர்ந்து தான் ஆரம்பிக்குது. காலுக்கு பிடிமானம் கிடைச்சா அது கொஞ்ச தூரத்துலயே சுருண்டு படுத்துரும், படுத்து தூங்குற நாய் எதையும் கெடுக்காது. எங்க வீட்டு லேப்ரடாரோட நிறைய சுத்தினதுல எனக்கு புரிஞ்சது இதுதான், கீழ சொல்ற எல்லாமே இதை வச்சு தான்.

இது ஹேட்ச்பேக், எஸ்யூவி, வேகன் மாதிரி டிக்கியும் கேபினும் ஒண்ணா இருக்குற கார்களுக்கு. செடான்ல டிக்கி தனிப் பெட்டி, காத்து வராது, ஏசி வராது, அதுல நாயை எப்பவுமே போடக் கூடாது, பக்கத்துலதான போறோம்னு கூட போடக் கூடாது. செடான் வச்சிருக்கவங்களுக்கு கடைசில தனியா எழுதிருக்கேன்.

ஸ்டெப் 1: அளவு எடுக்குறது

டிக்கியை காலி பண்ணி, பார்சல் ட்ரேயை (டிக்கிக்கு மேல மூடுற பலகை) கழட்டி வீட்ல வச்சிருங்க, வேக்யூம் போடுங்க. ஸ்டெப்னி இருக்குற மூடியையும் தூக்கி பாருங்க, ஏற்கனவே அடியில ஈரம் இருந்தா அதை காய வைக்காம மேல மேட் போட்டா பூஞ்சை தான் பிடிக்கும்.

அளவு எடுக்கும்போது தரையோட நீளம் அகலம் மட்டும் பத்தாது. வீல் ஆர்ச் ரெண்டுக்கும் நடுவுல ஒரு அகலம் இருக்கும், அதுக்கு பின்னாடி டோர் பக்கம் வேற அகலம் இருக்கும், ரெண்டையும் குறிச்சுக்கோங்க. பக்கச் சுவர் ஜன்னல் வரைக்கும் எவ்ளோ உயரம், பின் சீட் பேக்ரெஸ்ட் ஹெட்ரெஸ்ட் வரைக்கும் எவ்ளோ உயரம், டிக்கி வாசல் விளிம்புலேர்ந்து பம்பரோட கீழ் வரைக்கும் எவ்ளோ, இதெல்லாம் வேணும். பழைய நியூஸ்பேப்பரை ஒட்டி தரை மேல விரிச்சு ஓரத்துல வெட்டிக்கிட்டா அப்படியே ஒரு மாதிரி கிடைச்சிரும், யூனிவர்சல் சைஸ்னு விக்கிறதை வாங்குறதுக்கு முன்னாடி இந்த பேப்பரை வச்சு பாருங்க. நாயையும் அளங்க, நின்னா உயரம், காலை நீட்டி படுத்தா நீளம். அது திரும்பி படுக்க இடம் இல்லன்னா நீங்க எந்த மேட் போட்டும் பிரயோஜனம் இல்ல.

ஸ்டெப் 2: எந்த மேட், எந்த கவர்

கடைல ரெண்டு வகை தான் அதிகம். ஒண்ணு ரப்பர் இல்லன்னா டிபிஇ (ரப்பர் மாதிரி வளையுற பிளாஸ்டிக்) ட்ரே, கார் மாடலுக்குன்னே அச்சுல வார்த்தது, ஓரம் கொஞ்சம் தூக்கி இருக்கும், தண்ணி கொட்டினா வெளிய போகாது. இன்னொண்ணு துணி கவர், 600 டி (நூலோட தடிமன்) ஆக்ஸ்ஃபோர்ட் துணின்னு போட்டிருப்பாங்க, அடியில தண்ணி புகாத கோட்டிங், பக்கச் சுவரையும் சேர்த்து மூடும்.

ட்ரே மட்டும் போட்டா தரை தப்பிக்கும், சுவர் போயிரும், ஈரக் காலோட ஏறினா நல்லா வழுக்கும். துணி கவர் மட்டும் போட்டா பிரச்சனை தையல்ல. துணி தண்ணி விடாது, ஆனா ஊசி போன ஓட்டை ஒவ்வொண்ணும் விடும், முக்கியமா தரையும் சுவரும் சேர்ற மூலைல. வாங்கின உடனே கவர் அடியில பேப்பரை விரிச்சு, தையல் இருக்குற மூலைல ஒரு டம்ளர் தண்ணி ஊத்தி அரை மணி நேரம் விட்டு பாருங்க, பேப்பர் நனைஞ்சா திருப்பி குடுத்திருங்க.

என்னோட சாய்ஸ் மூணு அடுக்கு. கீழ ட்ரே, அதுக்கு மேல சுவரோட சேர்ந்த துணி கவர், எல்லாத்துக்கும் மேல அடியில ரப்பர் புள்ளி வச்ச கெட்டியான விரிப்பு. வெட்பெட்னு ஒண்ணு விக்கிறாங்க, கம்பளி மாதிரி குச்சம் இருக்கும், ஈரம் கீழ இறங்கிரும், மேல காஞ்சே இருக்கும், எனக்கு அது தான் பிடிக்கும். பளபளன்னு பிளாஸ்டிக் மாதிரி இருக்குற விரிப்பு, பார்க்க அழகா இருந்தாலும் வேண்டாம். புது ரப்பர் மேட் வாடை நாய்க்கு நம்மள விட பல மடங்கு தெரியும், அதனால சோப்பு போட்டு கழுவி வாடை போற வரைக்கும் வெளிய காத்தாட போட்டுட்டு அப்புறம் உள்ள வைங்க.

ஸ்டெப் 3: பின் சீட்டுக்கும் தரைக்கும் நடுவுல இருக்குற சந்து

இதை கொஞ்சம் பொறுமையா படிங்க, இங்க தான் நிறைய பேர் மாட்டுறாங்க, எனக்கும் இது பிடிபட நேரம் ஆச்சு. மேட் நல்ல மேட், கவர் நல்ல கவர், ஆனா ஒவ்வொரு தடவையும் கழட்டி பார்த்தா அடியில கார்ப்பெட்ல முடியும் மண்ணும் இருக்கும். எங்கேர்ந்து வருதுன்னு பார்த்தா, பின் சீட் பேக்ரெஸ்ட் மடங்குற இடத்துல டிக்கி தரைக்கும் சீட்டுக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கு. பிரேக் அடிக்கும்போதெல்லாம் விரிப்பு மேல இருக்குற முடி, மண்ணு, தண்ணி எல்லாம் முன்னாடி நகர்ந்து அந்த சந்துல இறங்குது, அங்கேர்ந்து மேட்டுக்கு அடில போகுது. அதனால கவர் தரையோட நிக்கக் கூடாது, தரையும் பேக்ரெஸ்ட்டும் ஒரே துணியா, நடுவுல வெட்டோ ஜிப்போ இல்லாம மேல ஏறி ஹெட்ரெஸ்ட்ல மாட்டுற மாதிரி இருக்கணும். அந்த சந்துல ஒரு பழைய டவலை சுருட்டி வச்சு, அது மேல துணி படிஞ்சு போற மாதிரி விட்டீங்கன்னா குழி இருக்காது, நாய் காலும் மாட்டாது.

இப்போ முக்கியமான விஷயம். பேக்ரெஸ்ட் மேல கவர் மாட்டும்போது துணியோ பட்டையோ சீட் லாக் இருக்குற இடத்துல போய் சிக்கிக்கும். வெளிய பார்க்க சீட் நிமிர்ந்து நிக்கும், ஆனா லாக் முழுசா விழுந்திருக்காது. பெரிய பிரேக் அடிச்சா நாயோட எடைல சீட் முன்னாடி மடங்கிரும், அங்க யாராவது உக்காந்திருந்தா நினைச்சு பாருங்க. நிறைய கார்ல லாக் பக்கத்துல ஒரு சிவப்பு அடையாளம் இருக்கும், அது தெரிஞ்சா லாக் ஆகலைன்னு அர்த்தம். கவர் மாட்டினதும் டக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும் சீட்டை தள்ளி, அப்புறம் ரெண்டு கையால முன்னாடி பிடிச்சு இழுத்து பாருங்க. 60:40ன்னு பிரிஞ்ச சீட்னா ரெண்டு பக்கமும் தனித்தனியா பாருங்க. குழந்தை சீட் மாட்டியிருந்தா அதோட மேல் பட்டை பேக்ரெஸ்ட் பின்னாடி தான் வரும், கவரை அதுக்காக தளர்த்துங்களே தவிர பட்டையை நகர்த்தாதீங்க.

ஸ்டெப் 4: பக்கச் சுவர்

கவரோட வர்ற வெல்க்ரோ சொரசொரப்பா இருக்கும், அது கார்ப்பெட் மாதிரி இருக்குற சுவர்ல தான் பிடிக்கும், வழவழ பிளாஸ்டிக்ல பிடிக்காது. பிளாஸ்டிக்னா இன்னொரு பக்கத்தை பசையோட வாங்கி ஒட்டணும், ஒட்டுறதுக்கு முன்னாடி ஸ்பிரிட் தொட்டு துடைங்க, இல்லன்னா வெயில் சூட்டுல உரிஞ்சு வந்துரும். 12 வோல்ட் சாக்கெட், லைட், டூல்ஸ் மூடி, காத்து போற ஓட்டை எதையும் மூடிராதீங்க.

ஸ்டெப் 5: விளிம்பும் பம்பரும்

கீறல் விழுறது நாய் உள்ள இருக்கும்போது இல்ல, ஏறும்போதும் குதிக்கும்போதும் தான். கவர்ல பம்பர் மேல தொங்க விடுற மாதிரி ஒரு மடிப்பு இருக்கான்னு பார்த்து வாங்குங்க. அதை தொங்க விட்டு நாயை ஏத்தி இறக்கிட்டு, டோர் மூடுறதுக்கு முன்னாடி முழுசா உள்ள மடிச்சிருங்க. ரப்பர் பீடிங் மேல துணி மாட்டிட்டு டோரை மூடினா பீடிங் நசுங்கும், அந்த இடைவெளில மழைத் தண்ணி, தூசி, புகை எல்லாம் உள்ள வரும், பின்னாடி உக்காந்திருக்கிற நாய் தான் அதை சுவாசிக்கும். பெயிண்ட் மேல நிரந்தரமா ஏதாவது வேணும்னா விளிம்புல மட்டும் பிபிஎஃப் (பெயிண்டை காப்பாத்துற ஃபிலிம்) ஒட்டிக்கலாம். குட்டி நாய்க்கும் வயசான நாய்க்கும் சாய்வுப் பலகை வாங்கிருங்க, மூட்டும் தப்பிக்கும் பம்பரும் தப்பிக்கும்.

ஸ்டெப் 6: நாயை அசையாம வைக்கிறது

டிக்கியை காப்பாத்துறதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கலாம். அங்கயும் இங்கயும் நடக்குற நாய் தான் கவரை இழுத்து சுருட்டும். அதை விட பெரிய விஷயம் விபத்து. 50 கிலோமீட்டர் வேகம்ங்கறது கிட்டத்தட்ட 10 மீட்டர் உயரத்துலேர்ந்து விழுற பொருள் தரையை தொடும்போது இருக்குற வேகம், கார் சட்டுன்னு நின்னா கட்டாத நாய் அந்த வேகத்துல முன்னாடி வரும். பின் சீட்டுக்கு மேல கம்பி தடுப்பு ஒண்ணு, நெஞ்சை சுத்தி போடுற ஹார்னஸ் ஒண்ணு, குறைஞ்சது இது ரெண்டும் வேணும். கழுத்துப் பட்டைல கட்டவே கட்டாதீங்க, கழுத்து தாங்காது. டிக்கில இருக்குற ஹூக் லக்கேஜுக்காக வச்சது, எவ்ளோ தாங்கும்னு கார் மேனுவலை பார்த்துட்டு கட்டுங்க. சின்ன நாயா இருந்தா டிக்கியே வேண்டாம்னு தான் நான் சொல்லுவேன், பின்னாடி வண்டி மோதினா முதல் அடி டிக்கிக்கு தான், பின் சீட்ல கட்டி வைக்கிற கூண்டு அதுக்கு நல்லது.

பின் கண்ணாடி பெருசா இருக்குற கார்ல டிக்கி தான் சூடான இடம், முன்னாடி ஏசி ஜில்லுன்னு இருந்தாலும் அங்க வந்து சேராது. சன் ஷேட் போடுங்க, அப்பப்போ நிறுத்தி கையை வச்சு பாருங்க. நிறுத்தின கார்ல நாயை விட்டுட்டு போகாதீங்க. 2005ல பீடியாட்ரிக்ஸ்ங்கற மருத்துவ இதழ்ல வந்த ஒரு ஆய்வுல வெயில்ல நின்ன கார் உள்ள ஒரு மணி நேரத்துல சராசரியா 22 டிகிரி செல்சியஸ் ஏறியிருக்கு, அதுலயும் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்துக்குள்ள. ஜன்னலை கொஞ்சம் இறக்கி வச்சதும் பெருசா உதவல.

ஸ்டெப் 7: கிளம்புறதுக்கு முன்னாடி, வந்ததுக்கு அப்புறம்

கிளம்புறதுக்கு முன்னாடி நல்லா சீவி விடுங்க, நீங்க வீட்ல எடுக்குற முடி டிக்கிக்கு வராது. வயிறு நிறைய சாப்பாடு போட்டு உடனே ஏத்தாதீங்க, ரெண்டு மூணு மணி நேரம் விடுங்க, தண்ணி குடிக்கலாம். எப்பவும் வாந்தி எடுக்குற நாய்னா டாக்டர்கிட்ட கேளுங்க, அதுக்கு மருந்து இருக்கு, நீங்களா எதையும் குடுக்காதீங்க.

வந்த உடனே கவரை கழட்டி உதறுங்க. முடியை காஞ்சிருக்கும்போதே எடுக்கணும், அப்படியே வாஷிங் மெஷின்ல போட்டா ஃபில்டர் அடைச்சிரும். லேப்ரடார் மாதிரி குட்டை முடி, நீள முடியை விட மோசம், ஊசியா கார்ப்பெட்ல குத்தி நிக்கும், வேக்யூம் மட்டும் வச்சு வராது. ரப்பர் கையுறை போட்டுட்டு ஒரே பக்கமா தேய்ச்சா உருண்டு வரும், கண்ணாடி துடைக்கிற ரப்பர் வைப்பரும் நல்லா வேலை செய்யும், அதுக்கு அப்புறம் வேக்யூம். கோட்டிங் இருக்குற கவருக்கு சுடுதண்ணி, டிரையர், ஃபேப்ரிக் சாஃப்டனர் மூணும் வேண்டாம். முழுசா காஞ்ச அப்புறம் தான் திரும்ப மாட்டணும்.

மூத்திரம் போயிருந்தா முதல்ல டிஷ்யூ வச்சு அழுத்தி ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. சோப்புத் தண்ணி போட்டா அப்போதைக்கு வாடை போகும், ஆனா மூத்திரத்தோட மிச்சம் அங்கயே தங்கிரும், ஈரம் பட்டா வாடை மறுபடி கிளம்பும். என்சைம் கிளீனர் தான் இதுக்கு சரி, பாட்டில்ல போட்டிருக்குற நேரம் வரைக்கும் ஊற விடணும், உடனே துடைச்சா வேலை செய்யாது. அமோனியா கலந்த கிளீனர் வேண்டாம், அந்த வாடைக்கு நாய் அதே இடத்துல திரும்ப போகும். பிளீச்சிங் பக்கமே போகாதீங்க, மூத்திரத்துல இருக்குற அமோனியாவோட சேர்ந்தா விஷ வாயு வரும், அதுவும் மூடின கார்ல.

அப்டேட்: செடான் பத்தி கேட்டவங்களுக்கு. நாய்க்கு பின் சீட் தான். நாலு ஹெட்ரெஸ்ட்லயும் மாட்டுற ஊஞ்சல் மாதிரி கவர் வாங்குங்க, சீட் பெல்ட் பக்கிள் வெளிய வர ஓட்டை இருக்கணும், ஹார்னஸை அதுல மாட்டுங்க. டோர் உள்பக்கத்தையும் மூடுற கவர்னா இன்னும் நல்லது, ஜன்னலை பார்க்குற நாய் முன்னங்காலை அங்க தான் வைக்கும்.

இன்னொரு அப்டேட்: கவரை கடிச்சு பிய்க்குது, என்ன பண்றதுன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். அந்த மாதிரி நாய்க்கு உள்ள பஞ்சோ ஃபோமோ வச்ச கவர் வேண்டவே வேண்டாம், முழுங்கினா குடல் அடைச்சு ஆபரேஷன் வரைக்கும் போகலாம். வெறும் ரப்பர் ட்ரே, அதுக்கு மேல கூண்டு, கூண்டுக்குள்ள பழைய டவல் ஒண்ணு போதும். கார் நிக்கும்போது கொஞ்ச கொஞ்ச நேரம் உள்ள உக்கார வச்சு பழக்குங்க, நிறைய நாய் பதட்டத்துல தான் கடிக்குது.

ஹைப்ரிட் கார்காரங்களுக்கு ஒரு விஷயம், இது நானா சேர்க்குறது. சில மாடல்ல பேட்டரியை குளிர வைக்கிற காத்து பின் சீட் ஓரத்துல இருக்குற காத்து ஓட்டை வழியா தான் உள்ள போகும். கவர் அதை மூடக் கூடாது, அதோட நாய் முடி அந்த ஃபில்டரை அடைச்சா பேட்டரி சூடாகும். எங்க இருக்குன்னு மேனுவல்ல பார்த்து வச்சுக்கோங்க, சர்வீஸுக்கு விடும்போது நாயை ஏத்துறோம்னு சொல்லி அந்த ஃபில்டரையும் சுத்தம் பண்ண சொல்லுங்க.